மிக மிகுந்த திருப்தி

ஐந்தாம் வகுப்பு அறிவியல் டீச்சருக்கு அந்தப் பருவத்தில் வந்த பாடம் 'மனித வளர்ச்சி'. தவழும் குழந்தையில் தொடங்கி, கைத்தடி ஊன்றிய கிழவர் வரை ஆறு படங்கள் புத்தகத்தில் வரிசையாக நின்றன. அவற்றுக்குக் கீழே ஒரு கட்டம்: 'கருத்தாய்வுக்கான கேள்விகளை மாணவர்களே திட்டமிட்டு, தகவல் திரட்டி, முடிவு காண்பார்கள்.' மற்ற ஆசிரியர்கள் இந்தக் கட்டத்தை எப்படித் தாண்டுவார்கள் என்பது டீச்சருக்குத் தெரியும். கேள்விகளைக் கரும்பலகையில் எழுதுவார்கள், பதில்களைப் பக்கத்திலேயே எழுதுவார்கள், முடிவை அடிக்கோடிடுவார்கள். ஒரே பிரிவேளையில் மனித குலம் வளர்ந்து முடிந்துவிடும்.

இவர் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. அதனால் கட்டத்தில் இருந்ததை அப்படியே நம்பிவிட்டார்.

"மனுஷங்க வளர்றதைப் பத்தி உங்களுக்கு என்ன தெரிஞ்சுக்கணும்? ஆளுக்கொரு கேள்வி எழுதுங்க," என்றார்.

முப்பத்து நான்கு துண்டுத்தாள்கள் மேசைக்கு வந்தன. 'ஏன் குண்டா இருக்கீங்க?' என்று ஒன்று. 'வளர்ந்தது போதும்னு உங்களுக்கு யார் சொன்னாங்க?' என்று ஒன்று. 'எங்க சித்தப்பாவுக்குத் தலையில கொட்டின முடி காதுல முளைக்குது, அது வளர்ச்சியா?' என்று ஒன்று. பாதிப் பேர் 'நீங்க எப்படி வளர்ந்தீங்க?' என்று எழுதியிருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து அலுவலக உதவியாளர் சுற்றறிக்கை நோட்டோடு உள்ளே வந்தார். டீச்சர் அவரையே பிடித்து நிறுத்தி, "இவர்கிட்ட கேட்டுப் பாருங்க," என்றார்.

"அண்ணா, நீங்க எப்படி வளர்ந்தீங்க?" என்று வகுப்பு மொத்தமும் கேட்டது.

உதவியாளரை அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. நோட்டை ஜன்னலில் வைத்தார். பெரியப்பா வீட்டில் வளர்ந்தது, பெரியம்மா கையால் வாங்கிய அடி, ஒரே சட்டையை மூன்று அண்ணன் தம்பிகள் மாற்றி மாற்றிப் போட்டது என்று இருபது நிமிடம் பேசினார். கடைசியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நோட்டை மறந்துவிட்டுப் போனார்.

"இப்ப இதை எந்தக் கட்டத்துல போடறது?" என்றார் டீச்சர்.

'நாடா' என்று எல்லோரும் கூப்பிடும் சிறுமி கையைத் தூக்கினாள். அவள் அம்மா தையல்காரி. அம்மாவின் பழைய அளவு நாடாவை எந்நேரமும் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு திரிவதால் வந்த பெயர் அது.

"எண்ணுற மாதிரி கேக்கணும் டீச்சர். எவ்வளவு, எத்தனை, எப்போன்னு."

"ஏன்?" என்றான் அவள் பக்கத்தில் இருந்தவன். அவன் பெயரே 'ஏன்' என்று ஆகிப்போயிருந்தது.

"அப்பதான் அந்த அண்ணாவையும் உங்க சித்தப்பாவையும் ஒண்ணா வெச்சுப் பார்க்க முடியும்."

அதற்குப் பிறகு நான்கு நாள் வேலை நடந்தது. எல்லோரிடமும் ஒரே மாதிரி கேட்க வேண்டும். செருப்போடு ஒருவரையும் செருப்பில்லாமல் ஒருவரையும் அளந்தால் கணக்கு உதைக்கும். மனம் புண்படும்படி கேட்கக் கூடாது. முதலில் அனுமதி கேட்க வேண்டும், பெயர் எழுதக் கூடாது. இப்படி அடித்து, திருத்தி, கடைசியில் ஐந்து கேள்விகள் தேறின. உங்கள் வயது என்ன? செருப்பில்லாமல் உங்கள் உயரம் எவ்வளவு? பாதத்தின் நீளம் எவ்வளவு? முதல் பல் எந்த வயதில் விழுந்தது? எந்த வயதில் உயரம் கூடுவது நின்றது?

"நம்ம வீட்டுலயே முதல்ல கேட்டுப் பாருங்க. கேள்வி சரியா இருக்கான்னு தெரியும்," என்று சொல்லி அனுப்பினார் டீச்சர்.

கேள்விகள் சரியாகத்தான் இருந்தன. வீடுகள்தான் சரியில்லை. நாடா தன் அத்தையிடம் வயது கேட்டாள். அத்தை இருபத்தொன்பது என்றார். பக்கத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த நாடாவின் அப்பா, "அப்ப உன்னைவிட ரெண்டு வயசு சின்னவனான நான் எப்படி முப்பத்தியெட்டு ஆனேன்?" என்று சிரித்துவிட்டார். அத்தை பெட்டியைக் கட்டினார். போகிற வழியில் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்து, தலைமையாசிரியையைப் பார்த்து, "பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக் குடுக்கறீங்களா, குடும்பத்தைப் பிரிக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் பேருந்து ஏறினார்.

மறுநாளே 'வினாத் தூய்மைக் குழு' அமைக்கப்பட்டது.

தலைமையாசிரியை, விளையாட்டு மாஸ்டர், பெற்றோர் சங்கத் தலைவர் என்று குழுவில் மூன்று பேர். சங்கத் தலைவர் நாற்காலிக் கடை வைத்திருப்பவர். தலைமையாசிரியையின் அறையில் இருந்த நாற்காலிகள் எல்லாமே அவர் கடை அன்பளிப்பு. அவற்றில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட நான்கு விரல் உயரம். அதில்தான் அவர் எப்போதும் உட்காருவார்.

டீச்சர் நின்றுகொண்டே ஐந்து கேள்விகளையும் படித்தார்.

"எடுத்த எடுப்புலயே வயசா?" என்றார் தலைமையாசிரியை. அவருக்கு மூன்று வருடமாக ஐம்பத்தைந்து நடந்துகொண்டிருந்தது.

"வளர்ச்சியை வயசோடதானே மேடம் ஒப்பிடணும்? வயசு இல்லாம..."

"வயசு வேணாம்னு நான் சொல்லலையே. கொஞ்சம் மென்மையாக்குங்கன்னுதான் சொல்றேன்."

விளையாட்டு மாஸ்டர் விசிலை வாயிலிருந்து எடுக்காமலே பேசினார். முன்பல் இரண்டும் கட்டினவை என்பதால் விசிலை அவர் பெரும்பாலும் எடுப்பதில்லை. "பல்லு கேள்வி ரொம்ப ஆபத்து டீச்சர். இன்னிக்கு முதல் பல் எப்ப விழுந்ததுன்னு கேப்பாங்க. நாளைக்குக் கடைசிப் பல்லைக் கேப்பாங்க. இதுக்கு முடிவே கிடையாது."

"பாதத்தை அளக்கணும்னா பிள்ளைங்க குனிஞ்சு காலைப் பிடிக்கணும். பார்க்க நல்லாவா இருக்கும்? அதை எடுத்துடுங்க," என்றார் தலைமையாசிரியை.

சங்கத் தலைவர் தொண்டையைச் செருமினார். "உயரம்ங்கறது மனசு சம்பந்தப்பட்டது டீச்சர். அதுலயும் 'செருப்பில்லாமல்'னு ஒரு வார்த்தை போட்டிருக்கீங்க. ஏன் அந்த வெறுப்பு? செருப்பும் மனுஷனோட ஒரு பகுதிதானே?"

"அளக்கும்போது எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கணும்னுதான் சார்..."

"எல்லாரும் ஒரே மாதிரி இல்லையே. அதானே என் கேள்வி," என்றார் அவர்.

டீச்சருக்குப் பதில் தெரியும். ஆனால் எதிரே மூன்று முகங்கள் இருந்தன. "சரி சார்," என்றார். "சரி மேடம்," என்றார். ஒன்றரை மணி நேரத்தில் பதினேழு தடவை 'சரி' சொன்னார். வெளியே வந்தபோது கையில் இருந்த தாளில் தூய்மையான கேள்விகள் நான்கு இருந்தன.

'பிறந்ததிலிருந்து போதுமான காலம் கடந்துவிட்டதாக உணர்கிறீர்களா?' இதற்கு ஆம் என்று மட்டும் ஒரு கட்டம். 'உங்கள் உயரத்தில் உங்களுக்கு எந்த அளவு திருப்தி?' இதற்குத் திருப்தி, மிகுந்த திருப்தி, மிக மிகுந்த திருப்தி என்று மூன்று கட்டங்கள். 'உங்கள் பற்களின் ஒத்துழைப்பு எப்படி?' இதற்கும் அதே மூன்று. 'உங்கள் வளர்ச்சி இன்னும் தொடர்வதாக நம்புகிறீர்களா?' இதற்கு ஆம், நிச்சயமாக ஆம்.

டீச்சர் இதை வகுப்பில் படித்தபோது தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

"டீச்சர், பிடிக்கலைன்னா எதை டிக் பண்றது?" என்றான் ஏன்.

"திருப்தியை."

"ஏன்?"

டீச்சர் தாளை இறக்கவே இல்லை.

அந்த வாரம் மாலை வேளைகளில், பிள்ளைகளை அழைத்துப்போக வந்தவர்களிடம் வாசலில் நின்று பதில் வாங்கினார்கள். அறுபத்திரண்டு பேர். அறுபத்திரண்டு பேரும் உயரத்தில் மிக மிகுந்த திருப்தி. அதில் ஒருவருக்கு வயது நான்கு மாதம். அவருக்காக அவர் அம்மா டிக் செய்தார். வரைபடம் வரைய உட்கார்ந்தபோது ஒரே ஒரு தூண்தான் வந்தது. சார்ட் தாளில் அடங்காமல் மேலே இன்னொன்றை ஒட்டி, அதற்கும் மேலே இன்னொன்றை ஒட்டினார்கள்.

தூணுக்கு வண்ணம் தீட்டிக்கொண்டே நாடா கேட்டாள். "டீச்சர், கேள்வி கேட்டாத்தானே குழு பார்க்கணும்?"

"ஆமா."

"கேக்காம அளந்தா?"

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை பெற்றோர் நாள் இல்லையா டீச்சர்? அரங்கத்துல தரை புதுசா பாலிஷ் போட்டிருக்கு, எல்லாரும் செருப்பை வெளியில விடணும்னு சொல்லிட்டாங்க. வகுப்பு வாரியா வரிசை கட்டித்தான் விடணுமாம். ஒண்ணாம் வகுப்புன்னா ஆறு வயசு, பன்னிரண்டாம் வகுப்புன்னா பதினேழு. கடைசி வரிசை பெரியவங்க. நாங்க யாரையும் எதுவும் கேக்க மாட்டோம். செருப்புக்கு உள்பக்கம் நீளத்தை மட்டும் அளப்போம்."

"அனுமதி?" என்றார் டீச்சர், தன்னை அறியாமல்.

"போர்டு வெச்சிடறோம்."

டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நான் எதுவும் கேக்கல. எனக்கு எதுவும் தெரியாது," என்றார். சொல்லி முடித்ததும் அந்த வார்த்தை அவருக்கே கசந்தது.

வெள்ளிக்கிழமை அரங்கத் தரை கண்ணாடிபோல் பளபளத்தது. கல்வி அதிகாரி வருகிறார் என்பதற்காகத் தலைமையாசிரியை தானே முன்னின்று போட வைத்த பாலிஷ் அது. வாசலில் நின்று ஒவ்வொருவர் காலையும் கவனித்துக்கொண்டிருந்தார். சுவரோரம் ஓர் அட்டைப் பெட்டி இருந்தது. அதற்கு மேல் கொட்டை எழுத்தில் ஓர் அறிவிப்பு: 'இங்கே விடப்படும் செருப்புகள் பாடத்துக்காக அளக்கப்படும். விருப்பம் இல்லாதவர்கள் செருப்பை இந்தப் பெட்டியில் போடவும்.' அதைத் தாண்டி முந்நூறு பேர் உள்ளே போனார்கள்.

சங்கத் தலைவர் வாசலில் நின்றுவிட்டார்.

"நான்கூடவா மேடம்?"

"எல்லாரும்தான் சார். அதிகாரி மேடமே கழட்டிட்டாங்க."

"எனக்குக் குதிகால் வலி. டாக்டர் ஷூவைக் கழட்டவே கூடாதுன்னு சொல்லியிருக்கார்."

"தரையைப் பாருங்க சார், எப்படி மின்னுது! ஒரே மணி நேரம்தான்."

தலைவருக்குத் தன் உயரம் எவ்வளவு முக்கியமோ, தலைமையாசிரியைக்குத் தரை அவ்வளவு முக்கியம். வாசலில் அவர் பின்னால் இருபது பேர் சேர்ந்துவிட்டார்கள். தலைவர் குனிந்து ஷூக் கயிற்றை அவிழ்த்து, ஷூக்களைக் கடைசி வரிசையின் மூலையில், சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டு, முழங்கால் மடங்காத நடையோடு உள்ளே போனார். மேடையில் மைக்கை விளையாட்டு மாஸ்டர் வழக்கமான உயரத்தில்தான் வைத்திருந்தார். வரவேற்புரையின் முதல் மூன்று வாக்கியங்களைத் தலைவரின் நெற்றிதான் பேசியது. மாஸ்டர் ஓடிவந்து மைக்கை இறக்கியபோது, அது இறங்கும் சத்தம் அரங்கம் முழுக்கக் கீச்சென்று கேட்டது.

வெளியே நாடாவும் ஏனும் இன்னும் மூன்று பேரும் வேலையில் இருந்தார்கள். உள்ளே தாள் துண்டை விடுவது, குதிகாலில் மடித்துக் குறிப்பது, வெளியே எடுத்து அளவு நாடாவில் வைத்துப் படிப்பது. ஒருத்தன் வாசிக்க இன்னொருத்தி எழுதினாள். டீச்சர் மெதுவாக அரங்கத்தை விட்டு வெளியே வந்து பார்த்தார். பிள்ளைகள் இவ்வளவு அமைதியாக வேலை செய்து அவர் பார்த்ததில்லை.

"டீச்சர், இந்த ஷூவுக்குள்ள ஒரு மெத்தை இருக்கு," என்றாள் நாடா. கையில் கறுப்பு ரப்பர் துண்டு ஒன்று இருந்தது. குதிகால் பக்கம் மூன்று விரல் தடிமன், முன்னால் போகப் போகச் சரிவு. "இதோட அளக்கறதா, எடுத்துட்டு அளக்கறதா?"

ஷூ யாருடையது என்று டீச்சருக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. "உள்ளயே வெச்சிடும்மா. எப்படி இருந்ததோ அப்படியே."

அதற்குள் கதவு திறந்தது. உரையைப் பாதியில் சுருக்கிக்கொண்டு சங்கத் தலைவர் வெளியே வந்தார். மெத்தை நாடாவின் கையில் இருந்தது. அவர் அதைப் பார்த்தார்.

"யாரு இதையெல்லாம் எடுக்கச் சொன்னது?"

பிள்ளைகள் அறிவிப்பைப் பார்த்தார்கள்.

"நான்தான் சார் சொன்னேன்," என்றார் டீச்சர். பிள்ளைகளுக்கு முன்னால் வந்து நின்றார்.

"இல்ல டீச்சர், நீங்க எதுவும் கேக்கலைன்னு..." என்று ஆரம்பித்தாள் நாடா.

"நான்தான் சொன்னேன். பாடம் என்னுது."

தலைவர் அறிவிப்பை ஒரு முறை படித்தார். மறுபடியும் படித்தார். "இதை எப்ப வெச்சீங்க?"

"காலையில ஏழரைக்கே சார்," என்றான் ஏன்.

"நான் பார்க்கவே இல்லையே."

"யாருமே பார்க்கல சார். பெட்டியில ஒரே ஒரு ஜோடிதான் இருக்கு. ஒண்ணாம் வகுப்புப் பாப்பாவோடது. அவ இப்பதான் படிக்கக் கத்துக்கிட்டா. கண்ணுல படறதையெல்லாம் படிச்சிடுவா." அதோடு விட்டிருக்கலாம். அவன் விடவில்லை. "சார், இது ஏன் ஷூவுக்குள்ள இருக்கு?"

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார்.

"குதிகால்ல..." என்று தொடங்கிய தலைவர் நிறுத்தினார்.

"பேர் எழுத மாட்டோம் சார்," என்றாள் நாடா. "நம்பர் மட்டும்தான். இது நூத்தி பதினெட்டாவது ஜோடி."

தலைவர் படியில் உட்கார்ந்தார். இப்போது அவர் முகம் பிள்ளைகளின் முகத்துக்கு நேராக இருந்தது. உள்ளே யாரோ பேசி, யாரோ கைதட்டினார்கள்.

"நம்பர் மட்டும்னா எழுதிக்கோ," என்றார். "பதினாலு வயசு."

"எது சார்?"

"நின்னுபோனது. அன்னிக்கு உங்க டீச்சர் கடைசியா ஒரு கேள்வி படிச்சாங்களே, அதுக்குப் பதில். வகுப்புலயே நான்தான் உயரமா இருந்தேன், பதினாலு வரைக்கும். அப்புறம் ஒவ்வொருத்தனா என்னைத் தாண்டிப் போனானுங்க."

நாடா எழுதினாள். பிறகு, "செருப்போடவா, செருப்பில்லாமலா?" என்று கேட்டாள்.

தலைவர் சிரித்துவிட்டார். "இல்லாமத்தான்மா," என்றார். மெத்தையை அவள் கையிலிருந்து வாங்கி ஷூவுக்குள் சரியாகப் பொருத்தி, கயிற்றை இறுக்கிக் கட்டி, மூன்று விரல் உயர்ந்து எழுந்தார். வெளிவாசல் பக்கம் நடந்தவர் திரும்பி, "குழுவுல நான் பேசினதை மனசுல வெச்சுக்காதீங்க," என்று டீச்சரிடம் சொன்னார். கேள்விகளைத் திருப்பித் தருவதாக மட்டும் சொல்லவில்லை.

உள்ளே கல்வி அதிகாரி சுவர் முழுக்க ஏறி நின்ற தூணின் முன்னால் அசந்து நின்றுகொண்டிருந்தார்.

"நான் எத்தனையோ கருத்தாய்வு பார்த்திருக்கேன். இவ்வளவு ஒற்றுமையான முடிவைப் பார்த்ததே இல்லை," என்றார். தலைமையாசிரியை பூரித்துப் போனார். அதிகாரி, அப்போதுதான் உள்ளே வந்த ஏனின் தோளைத் தட்டினார். "சொல்லுப்பா, இதுலேர்ந்து நீங்க என்ன கண்டுபிடிச்சீங்க?"

"எல்லாரும் ஒரே கட்டத்துலதான் டிக் போடுவாங்கன்னு கண்டுபிடிச்சோம் மேடம்."

"அருமை!" என்ற அதிகாரி அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார்.

இரண்டு வாரத்தில் சுற்றறிக்கை வந்தது. தூய்மையாக்கப்பட்ட நான்கு கேள்விகளும் இனி எல்லாப் பள்ளிகளிலும் பயன்படுத்தப்பட வேண்டும். மூன்றாவது கேள்வியை உருவாக்கியதற்காக விளையாட்டு மாஸ்டருக்குப் பாராட்டுச் சான்றிதழ். டீச்சரின் பெயர் சுற்றறிக்கையில் இல்லை. அதைப் படித்தபோது அவருக்குக் கோபம் வரும் என்று அவரே எதிர்பார்த்தார். பெரிய நிம்மதிதான் வந்தது.

செருப்பு வரைபடத்தை அறிவியல் அறையில், அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஒட்டினார்கள். நூற்று முப்பது புள்ளிகள்; மற்ற ஜோடிகளை அளப்பதற்குள் விழா முடிந்துவிட்டது. வகுப்புக்கு வகுப்பு ஏறிக்கொண்டே போய், பத்தாம் வகுப்புக்கு மேல் கோடு சமதளமாகி, பெரியவர்கள் வரிசையோடு சேர்ந்துவிட்டது. 'பெரிய செருப்பு வாங்கிப் போடுறவங்களை என்ன பண்றது?' என்று ஒரு நாள் முழுக்க வகுப்பில் சண்டை நடந்தது. இப்படிச் சண்டை போடுவதற்காகத்தானே அந்தக் கட்டம் என்று டீச்சர் குறுக்கே போகவில்லை.

அந்தச் சண்டைக்கு நடுவில் அலுவலக உதவியாளர் ஓர் உறையைக் கொண்டுவந்தார். மேலே பெயர் இல்லை, 'நம்பர் 118' என்று மட்டும் இருந்தது. உள்ளே மங்கிப்போன நோட்டுத் தாள். ஒன்பது வயதிலிருந்து பதினெட்டு வரை, பிறந்தநாள்தோறும் அளந்த உயரம், பெரியவர் யாரோ ஒருவரின் கையெழுத்தில் வரிசையாக இருந்தது.

நாடா தனித் தாளில் புள்ளி வைக்க ஆரம்பித்தாள். ஒன்பது, பத்து, பதினொன்று என்று சரசரவென்று ஏறியது. பதினான்குக்கு மேல் கை நின்றது.

"டீச்சர், தப்பா எழுதியிருக்காங்க. பதினாலு, பதினஞ்சு, பதினாறு, எல்லாத்துக்கும் ஒரே நம்பர்."

"அளந்தது அதுதான்னா, அதையே போடு."

அவள் ஐந்து புள்ளிகளையும் ஒரே உயரத்தில் வைத்தாள். ஏன் எட்டிப் பார்த்தான்.

"நின்னுபோச்சுன்னு தெரிஞ்சப்புறமும் ஏன் வருஷா வருஷம் அளந்தாங்க?"

டீச்சர் அந்த மங்கிய தாளைக் கையில் எடுத்தார்.

"இந்த வருஷம் கூடியிருக்கும்னுதான்," என்றாள் நாடா, தலை நிமிராமல். பிறகு ஸ்கேலை வைத்து ஐந்து புள்ளிகளையும் ஒரே இழுப்பில் சேர்த்தாள்.